பூனை கடலில் வாழும்

இல்ல தம்பி, இப்ப தூக்கக் கூடாது. தூக்கினா உள்ள நடந்துக்கிட்டு இருக்கற வேலை பாதியில நின்னுரும், அப்புறம் உங்க கம்பெனிக்குப் போய்ச் சேர்றது வெறும் தகர டப்பாதான். அந்தப் பச்சை லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க, அது நிக்கட்டும். நின்ன உடனே நானே கழட்டி, வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் தர்றேன். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு நாலாவது கால் பேருக்குத்தான். இதுல உக்காருங்க.

எவ்ளோ நேரம் ஆகும்னா என்னத்தச் சொல்ல? இட்லியா, குத்திப் பாத்து வெந்துருச்சான்னு சொல்றதுக்கு? நீங்க கம்ப்யூட்டர் ஆளு, உங்களுக்கே தெரியுமே. இல்லையா? அட்மினா? அட, நாவலூர்ல இருந்து வர்றவங்க எல்லாருமே சாஃப்ட்வேருன்னு நெனச்சுட்டேன். நல்லதாப் போச்சு. சாஃப்ட்வேர் ஆளுன்னா அவங்ககிட்ட பேச்சு குடுக்கவே எனக்குக் கூச்சம்.

டீ எடுத்துக்குங்க. கீழ மாவு மில்லுக்காரங்க வீட்டு டீ, இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கும். மில்லு ஓடுறதால சத்தமாப் பேசறேன், சண்டை போடறேன்னு நெனச்சுக்காதீங்க. வண்டியில டிரைவர் காத்துக்கிட்டு இருக்காரா? இருக்கட்டுமே, அஸ்தினாபுரத்துல நிழல்ல வண்டி நிறுத்த எடம் கெடைச்சவரு லேசுல எடுக்க மாட்டாரு.

ஆனந்தன்னு தானே சொன்னீங்க? நான் பரிதா. பம்மல்ல வீடு. இந்த டிரஸ்ட்ல ஆரம்பத்துல இருந்தே இருக்கேன். பெட்டியை வாங்கிட்டு வான்னு சொன்னாங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லலையா? சரியாப் போச்சு. தென் சென்னையில பறக்கறது, நீந்தறது, ஊர்றது எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு தம்பி. நன்மங்கலம் காட்டு ஆந்தை, பள்ளிக்கரணை நாரை, திருநீர்மலை ஓணான், கோவளத்து மீனு. சிரிக்காதீங்க. போட்டோ இல்ல. தகவல்.

அதுவும் சும்மா எழுதி வெக்கறது இல்ல. எல்லாத்தையும் மூணு மூணு வார்த்தையா உடைச்சுப் போடணும். நத்தைகுத்தி நாரை, திங்கும், நத்தை. அவ்ளோதான், ஒரு தகவல். நத்தை, இருக்கும், செம்பாக்கம் ஏரி. அது ஒரு தகவல். இதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்த்தா துர்காவுக்குக் கோவம் வந்துரும். துர்காதான் பெட்டிக்கு மூளை வெச்ச பொண்ணு. டிரஸ்டை ஆரம்பிச்சவரு பக்தவச்சலம் சார், காலேஜ்ல விலங்கியல் சொல்லிக் குடுத்து ரிடையர் ஆனவரு, அவருக்குத் தட்டான்னா உசிரு. தட்டானைப் பத்தி ஒரு வரி குடுங்க சார்னா, இளங்காலை வெயிலில் கண்ணாடிச் சிறகசைத்துன்னு ஆரம்பிப்பாரு. துர்கா அதை அப்படியே அடிச்சுட்டு, தட்டான், திங்கும், கொசுன்னு போடுவா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. நான் நடுவுல உக்காந்து, சார் பேனா கேக்கறாரு, துர்கா பேனா இல்லைங்கறான்னு தூது போவேன்.

தகவலை நாம சொல்லணும். கூடவே ரூலையும் நாம சொல்லணும். இது இப்படி இருந்தா அது அப்படி இருக்கும்னு. துர்கா எழுதின மொத ரூல் என்னன்னா, ஒண்ணு இன்னொண்ணைத் திங்கும்னா, அந்த இன்னொண்ணு எங்க இருக்கோ அங்க இதுவும் வரும். நல்ல ரூலு தானே? நாரை நத்தை திங்கும், நத்தை செம்பாக்கம் ஏரியில இருக்கு, அப்ப நாரை அங்க வரும். அதை யாரும் எழுதிப் போடல தம்பி. பெட்டியே சொல்லிச்சு. நம்பாம சார் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கிட்டுப் போனாரு, பின்னாடியே நாங்க ஆட்டோல போனோம். நின்னுக்கிட்டு இருந்துச்சு, கல்யாண வீட்ல மொதப் பந்திக்கு வந்த ஆளாட்டம்.

எங்களுக்குத் தலைகால் புரியல. துர்கா அன்னிக்கே மிச்சம் இருந்ததையெல்லாம் உள்ள தள்ளினா. பூனை, திங்கும், மீன். மீன், இருக்கும், கடல். மறுநாள் காலையில பெட்டி சொல்லுது, பூனை கடலில் வாழும்.

சிரிங்க, சிரிங்க. சார் சிரிச்ச சிரிப்புல கீழ மில்லை நிறுத்திட்டு என்னாச்சுன்னு வந்து பாத்தாங்க. துர்கா அழுதுட்டா. நான்தான் சொன்னேன், ஏன்டி அழுற, பெட்டி ஒழுங்காத்தான் யோசிச்சிருக்கு. மீனு தட்டுல இருந்து பூனைக்கு வருது, பூனை அலைக்குப் போகலன்னு நாம சொன்னோமா? சொல்லாதது நம்ம குத்தம். அதுவும் இல்லாம, ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா இது ஒளிக்காம சொல்லும். இதனால அது, அதனால இதுன்னு ஒவ்வொரு படியா காட்டும். எங்க வீட்ல யாரையாவது ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டு ஒரு பதில் வாங்கிருங்க பாப்போம்.

அய்யய்யோ. இல்ல இல்ல, ஒண்ணும் இல்ல. மில்லுல பெரிய மோட்டாரைப் போட்டிருப்பாங்க, அதான் லைட்டு மங்கிச்சு. வந்துருச்சு பாருங்க. கரண்ட் கட்டா? இந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேலதான். நான் ஏன் எழுந்து நிக்கறேன்? சும்மாதான், கால் மரத்துப் போச்சு. நீங்க வடை எடுத்துக்குங்க.

பெரிய கூத்து ஒண்ணு இருக்கு, அதையும் கேளுங்க. எந்த ஊருன்னு போடறதுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் ஊருதான் வெச்சிருந்தோம். அதுல இல்லாத ஊரா இருந்தா தாம்பரம்னு போட்டுட்டோம். நம்ம பக்கத்து வழக்கம் அதானே? எங்க சார் இருக்கீங்கன்னு வெளியூர்ல கேட்டா, மாடம்பாக்கத்துக்காரரும் தாம்பரம்பாரு, முடிச்சூர்க்காரரும் தாம்பரம்பாரு. நானே வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனா தாம்பரம்னு தான் சொல்லுவேன், பம்மல்னா தோல் பதனிடற ஷாப் வாடையான்னு கேப்பாங்கன்னு. அந்தப் புத்தி அப்படியே பெட்டிக்குள்ள போயிருச்சு. நீலாங்கரை மணல்ல கடலாமை வந்து முட்டை போடுது. நீலாங்கரை லிஸ்ட்ல இல்ல. போடு தாம்பரம்னு. பெட்டிக்குத் தாம்பரம்னா எதுன்னா, மேப்ல நடுப்புள்ளி விழுந்த எடம். அது எங்க விழுந்துச்சுன்னா, ரயில்வே ஸ்டேஷன்ல.

இதுல துர்கா இன்னொரு ரூல் வெச்சிருந்தா. ஆமை முட்டை போடற எடத்துல ராத்திரி வெளக்கு எரியக் கூடாது. எரிஞ்சா, பொறிச்ச குஞ்சு கடல்னு நெனச்சு வெளக்குப் பக்கம் போயிரும். அப்படி எடம் தெரிஞ்சா பெட்டியே சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு மெயில் போட்டுரும். போட்டுருச்சு. தாம்பரம் ஸ்டேஷன்ல கடலாமைகள் முட்டையிடுவதால் மார்ச் முடியும் வரை இரவில் விளக்குகளை அணைத்து வைக்கவும். அடியில பக்தவச்சலம் சார் பேரு, படிப்பு, பட்டம், அத்தனையும்.

பதில் வராமலா? வந்துச்சே. ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்து, தங்கள் கோரிக்கை உரிய துறைக்கு அனுப்பப்பட்டதுன்னு. உரிய துறை எதுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியல. சார் மட்டும் ரொம்ப நாளைக்கு மின்சார ரயில்ல போறதையே விட்டுட்டாரு.

உங்க போன் தானே அடிக்குது? எடுங்க எடுங்க. மேனேஜரா? மேடம் கிட்டவே இருக்காங்க, முடிஞ்சதும் கெளம்பிடுவேன்னு சொல்லுங்க. பொய்யில்லையே, நான் கிட்டதானே இருக்கேன்.

கத்துனாரா? விடுங்க. ஏசியில உக்காந்துக்கிட்டு கத்தறவங்களுக்கு அலுப்பே தெரியாது.

என்ன கேட்டீங்க? பெட்டியில இருக்கறதுக்கு இன்னொரு காப்பியா? நல்ல கேள்வி. வெச்சிருந்த காப்பியெல்லாம் இப்ப தலைவரா இருக்கற ஸ்ரீரங்கன் சார் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மத்தவங்ககிட்ட இருக்காதான்னா, அதுவும் இல்ல. அது எப்படின்னா, பெட்டிக்குள்ள இருக்கற ஒவ்வொரு கொக்குக்கும் ஒவ்வொரு மீனுக்கும் இன்டர்நெட்டுல ஒரு கதவு நம்பர் குடுத்து வெச்சிருக்கோம். கல்கத்தாவுல ஒரு காலேஜ்காரங்க அவங்க கொக்குக்கு ஒரு கதவு நம்பர் குடுத்திருக்காங்க. இந்தக் கொக்கும் அந்தக் கொக்கும் ஒண்ணேன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டாப் போதும். அவங்களுக்குத் தெரிஞ்சது நமக்கு, நமக்குத் தெரிஞ்சது அவங்களுக்கு. சம்பந்தி ஆன மாதிரி. திருநெல்வேலியில ஒரு குளத்துக்காரங்க முடிச்சுப் போட்டாங்க, ஜெர்மனியில எவரோ ஒருத்தரு தவளையில முடிச்சுப் போட்டாரு. ஆனா அவங்க கையில இருக்கறது கதவு நம்பர் மட்டும்தான். சரக்கு இங்க இருக்கு. இந்தக் கதவைப் பூட்டினா அங்கெல்லாம் ஒரே நேரத்துல இருட்டு.

நான் என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா? துர்கா ரூல் எழுதினா, சாரு தட்டானைப் பாத்தாரு, ஊர் ஊராப் போய் ஆளுங்ககிட்ட பேச்சு வாங்கினது நான். கோவளத்துல குப்பம்மான்னு ஒருத்தங்க, மீன் விக்கறவங்க. மொத நாள் போனப்ப, இன்னாம்மா, ஓட்டு கேக்க வந்தியா, லோனு குடுக்க வந்தியான்னாங்க. ரெண்டும் இல்ல, மீனைப் பத்திக் கேக்க வந்தேன்னு சொன்னதும், வாங்கறதுன்னா வாங்கு, ஊட்டுக்குப் போய் மீனையே கேளுன்னாங்க. அப்புறம் பழகிட்டாங்க. எந்தக் காத்துக்கு எந்த மீன் கரைப் பக்கம் வரும், எது எப்ப சினையா இருக்கும், ஆத்து முகம் தெறந்தா எது உள்ள போகும், எல்லாம் சொன்னாங்க. அதுல பாதி பொய்யி. அன்னிக்கு எந்த மீன் விக்காம மிஞ்சுதோ அது முட்டி வலிக்கு நல்லதும்பாங்க. மறுநாள் வேற மீன் மிஞ்சும், முட்டி வலி அதுக்கு மாறிடும். நான் முட்டி வலியைக் கழிச்சுட்டு மிச்சத்தை எழுதினேன். மிச்சம் நெசம். வேற நாலு பேருகிட்ட கேட்டு சரி பாத்தாச்சு.

ஒரு நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க. நான் சொல்றேன், நீ எய்திக்கோ. ஆனா நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் குடுக்கணும். எங்க ஆளுங்க கிட்டயே வந்து, துட்டு குடுத்தாதான் காட்டுவேன்னு எவனாவது சொன்னான்னு வையி, மீன் கய்வுன தண்ணிய கொண்டாந்து உன் ஆபீஸ்ல ஊத்திட்டுப் போவேன். சிரிச்சுக்கினேதான் சொன்னாங்க. நான் சரிக்கான்னேன். இப்படித்தான் எல்லார்கிட்டயும். பள்ளிக்கரணையில மாடு மேய்க்கறவர், நன்மங்கலத்துல விறகு பொறுக்கறவங்க, வண்டலூர்ப் பக்கம் பாம்பு புடிக்கறவர். எல்லாரும் கேட்டது ஒண்ணுதான், நான் குடுத்த வாக்கும் ஒண்ணுதான். டிரஸ்ட் பத்திரத்துலயும் சாரு மொதப் பக்கத்துலயே அதைத்தான் போட்டு வெச்சிருக்காரு. இங்க சேர்ந்ததைக் கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு.

அப்புறம் ஏன் வித்தீங்கன்னா, நானா வித்தேன்? சாருக்கு பைபாஸ் ஆச்சு, ஸ்ரீரங்கன் சார் தலைவரா வந்தாரு. நல்ல மனுஷர்தான். கொசுவைத் தவிர வேற எந்த உயிரையும் கிட்ட வெச்சுப் பாத்தது இல்ல, அவ்ளோதான். ஒரு நாள் உங்க கம்பெனிக்காரங்களைக் கூட்டிட்டு வந்தாரு. டை கட்டின மூணு பேரு. நான்தான் பெட்டியைப் போட்டுக் காட்டினேன். நாரை, ஆந்தை, தவளை எல்லாம் காட்டினேன், பூனைக் கதையைக்கூட சொன்னேன். சிரிக்கல. கடைசியில ஒருத்தரு கேட்டாரு, இந்தச் செம்பாக்கம் ஏரியில பறவையே இல்லாத மாசம் எதுன்னு கேட்டா இது சொல்லுமா மேடம்னு.

சொல்லாம என்ன? கேட்டதைச் சொல்றதுக்குத் தானே வெச்சிருக்கு. மே மாசம்னு சொல்லிச்சு. ஏன்னும் சொல்லிச்சு. தண்ணி வத்தும், நத்தை மண்ணுக்குள்ள போயிரும், வலசை வந்தது திரும்பிப் போயிருக்கும்னு படிப்படியா. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எனக்கு அப்ப புரியல. பறவை இல்லாத மாசம் எதுக்குன்னு நெனச்சுக்கிட்டே பஸ் ஏறினேன், குரோம்பேட்டை தாண்டும்போதுதான் ஒறைச்சுது.

ஏரிக்கரையில கட்டடம் கட்டணும்னா அங்க என்னென்ன உயிர் இருக்குன்னு சர்வே எடுக்கணும் இல்லையா? மே மாசம் போய் எடுத்துட்டா போச்சு. பறவைகள் எதுவும் காணப்படவில்லை. பொய்யே இல்ல தம்பி. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மண்டபத்துக்குப் போய்ப் பாத்துட்டு, இங்க யாருக்கும் கல்யாணமே நடந்தது இல்லைன்னு எழுதிக் குடுக்கற மாதிரி.

நீங்க அப்படிப் பண்ணுவீங்கன்னு நான் சொல்லல. உங்க கம்பெனி அந்த மாதிரி இல்லைன்னா ரொம்ப சந்தோஷம். நீங்க நாற்காலி, ஏசி, கேப் பாக்கறவரு, உங்களை யாரு குத்தம் சொல்லப் போறா? ஆனா இதே பெட்டிகிட்ட, ஜனவரியில அங்க யாரெல்லாம் இருப்பாங்கன்னு கேட்டாலும் இது சொல்லும். பக்கம் பக்கமாச் சொல்லும். அதைக் கேக்க ஒருத்தரு வேணும். பாஸ்வேர்டு இருக்கறவங்க மட்டும்தான் கேக்கலாம்னா, மே மாசம் மட்டும்தான் கேப்பாங்க. எல்லாரும் கேக்கலாம்னா, எவனாவது ஒரு வேலையத்தவன் ஜனவரியைக் கேட்டுருவான். அவ்ளோதான் வித்தியாசம். அந்த வேலையத்தவனுக்காகத்தான் நாங்க இத்தனை வருஷம் உக்காந்து எழுதினது.

கோவம்லாம் இல்லப்பா. கோவம் இருந்தா டீ குடுப்பேனா? தலைவர் பேசி முடிச்சுட்டாரு, பெட்டி உங்களுது. சலான்ல நான் கையெழுத்துப் போட்டு ஒப்படைச்ச நிமிஷத்துல இருந்து உங்களுது. ஒப்பந்தத்துல அப்படித்தான் எழுதியிருக்கு, எனக்கும் ஒரு காப்பி குடுத்தாங்க, படிச்சேன். கையெழுத்துப் போடற வரைக்கும் டிரஸ்டோடது. டிரஸ்ட் ரூலுதான் அதுக்கு.

நின்னுருச்சா? இருங்க, நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.

ஆமா, நின்னுருச்சு. முடிஞ்சுது. அல்ஹம்துலில்லாஹ். இப்ப தாராளமா கழட்டலாம். நான் இந்த பிளக்கை எடுக்கறேன், நீங்க அந்தப் பக்கம் புடிங்க. கனமா இருக்கும், பழைய மானிட்டர், ஒரு ஆட்டுக்குட்டி கனம்.

என்ன முடிஞ்சுதுன்னா, அனுப்பறது முடிஞ்சுது. நேத்து சாயந்தரம் தலைவர் போன் பண்ணி, காலையில வண்டி வரும்னு சொன்னாரு. உடனே துர்காகிட்ட சொன்னேன். கல்கத்தா காலேஜ்காரங்க முழுசா வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாங்க, திருநெல்வேலிக்காரங்களும் கேட்டாங்க, அந்தத் தவளை ஜெர்மனிக்காரரும் கேட்டாரு. கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதே. கல்கத்தாவுல ஒரு எடத்துல ஏத்தி வெச்சா அவங்கவங்க எடுத்துக்குவாங்கன்னு துர்கா சொன்னா. காலையில கதவைத் தெறந்ததும் தட்டி விட்டேன். நம்ம பிராட்பேண்டு தெரியுமே, உள்ள வர்றது பரவாயில்ல, வெளிய போறது எறும்பு அரிசி தூக்கற மாதிரி. பாதி கூட போகல, நீங்க வந்து நிக்கறீங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?

ஒரு தகவல் குறையாம உங்க பெட்டியிலயும் அப்படியே இருக்கு, நான் எதையும் அழிக்கல. அங்கயும் இருக்கு. பாஸ்வேர்டு கெடையாது. உங்க கம்பெனிகூட அங்க இருந்தே சும்மா எடுத்துக்கலாம், பெட்ரோல் செலவு பண்ணி வண்டி அனுப்பியிருக்கவே வேணாம். சலானைக் குடுங்க. சிஸ்டம் ஒண்ணு, மானிட்டர் ஒண்ணு, கீபோர்டு ஒண்ணு. எல்லாம் சரியா இருக்கு. இங்கதானே போடணும்? போட்டாச்சு. உங்க மேல ஒரு சொல்லு வராது, யாராவது கேட்டா என் நம்பரைக் குடுங்க.

முறைக்காதீங்க தம்பி. வேணும்னா பம்மலுக்கு வந்து எங்க வீட்டுக்காரர் யாசீன்கிட்ட சொல்லிப் பாருங்க, உங்க வீட்டம்மா என்னை உக்கார வெச்சுக் காலையில இருந்து வாய் மூடாம பேசினாங்கன்னு. ஆளு மாறிப் பேசறீங்கன்னுதான் சொல்லுவாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த வீட்ல எனக்கு உம்மணாமூஞ்சின்னுதான் பேரு.